ஆறு லட்சம் கேட்டேன், 2,65,000 வந்தது: கடை இன்சூரன்ஸில் மீதி எங்கே போகிறது?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறிய ஜவுளிக்கடை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து கீழ்த்தட்டுச் சரக்கு முழுக்க நனைந்துவிட்டது. ஸ்டாக்குக்கு 12 லட்சம் பாலிசி. 6 லட்சம் நஷ்டம் என்று எழுதிக்கொடுத்தீர்கள். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கழித்து எக்செஸ் (ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய சிறு தொகை) போக 2,65,000 ரூபாய் வந்தது, அதுவும் வங்கியின் பேரில். பத்து வருடமாக ஒரு கிளெய்ம்கூட வாங்காமல் பிரீமியம் கட்டியவன் நான், இது சட்டப்படி நடக்கும் ஏமாற்று வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் கேள்வி இதுதான்: நஷ்டம் 12 லட்சத்துக்குள் அடங்கும்போது, அதை வெட்ட அவர்களுக்கு என்ன உரிமை?

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 22 வருடமாக லைசென்ஸ் பெற்ற சர்வேயராக இருக்கிறேன். தீ, வெள்ளம், சரக்குப் போக்குவரத்து கிளெய்ம்கள் பார்ப்பவன். அதாவது நீங்கள் யாரைத் திட்டுகிறீர்களோ அந்தக் கூட்டத்தில் ஒருவன். வக்கீல் இல்லை. உங்கள் சர்வே அறிக்கையை நான் பார்க்கவில்லை, ஆகவே உங்கள் கணக்கைப் பற்றிச் சொல்வதில் பாதி, நான் பார்த்த நூற்றுக்கணக்கான கடைகளை வைத்துச் செய்யும் ஊகம். எது ஊகம், எது உறுதி என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து ஆரம்பிப்போம். கடை இன்சூரன்ஸ் என்பது இழப்பை ஈடு செய்வதாகத் தரும் வாக்குறுதி. தண்ணீர் வருவதற்கு முந்தைய நிமிடம் பணக்கணக்கில் நீங்கள் எந்த நிலையில் இருந்தீர்களோ, அந்த நிலையில் திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவது. அதற்குக் கீழேயும் விடக்கூடாது, ஒரு ரூபாய் மேலேயும் போகக்கூடாது. இதை 1883-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு அப்பட்டமாகக் காட்டியது. லிவர்பூலில் ஒருவர் தன் கட்டடத்தை 3,100 பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார். கைமாறுவதற்குள் தீப்பிடித்தது. இன்சூரன்ஸ் கம்பெனி 330 பவுண்டு கொடுத்தது. அப்புறம் வாங்குபவரும் பேசிய விலையை முழுசாகக் கொடுத்துவிட்டார். விற்றவருக்கு நஷ்டமே இல்லாமல் போய்விட்டதே, எங்கள் 330-ஐத் திருப்பித் தா என்று கம்பெனி வழக்குப் போட்டு ஜெயித்தது. காஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன் என்று அந்த வழக்குக்குப் பெயர். நம் ஊர் இன்சூரன்ஸ் சட்டமும் பெரும்பாலும் அதே ஆங்கிலேயத் தீர்ப்புகளின் வழியில் வந்ததுதான்.

இப்போது உங்கள் 6 லட்சத்துக்கு வருவோம். அந்தப் பட்டியலை எதை வைத்து எழுதினீர்கள்? அநேகமாகச் சேலையில் தொங்கும் விலைச்சீட்டை வைத்து. நான் பார்த்த கடைக்காரர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள்; அதில் கள்ளம் எதுவும் கிடையாது, அவர்களுக்கு அந்தச் சரக்கின் விலை அதுதான். ஆனால் இழந்தது கொள்முதல் விலை. விற்றிருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தை இந்தப் பாலிசி தராது. அதற்கு வேறு பாலிசி இருக்கிறது. 20 சதவீத லாபத்தைக் கழித்தால் 6 லட்சம் 4,80,000 ஆகிவிடும். அப்புறம் சால்வேஜ். நனைந்த காட்டன் சேலையைத் துவைத்துக் காயவைத்து அரை விலைக்காவது தள்ளிவிடலாம். சாயம் இறங்கிய பட்டை அப்படித் தள்ள முடியாது. அந்த மீதி மதிப்பு 30,000 என்று வைத்துக்கொண்டால் நஷ்டம் 4,50,000. இதுவரை பெரிய சண்டைக்கு இடமில்லை.

உங்களை உண்மையில் அடித்தது அடுத்த படி. வந்த 2,65,000-ஓடு எக்செஸ் 5,000-ஐச் சேர்த்தால் 2,70,000. 4,50,000 எப்படி 2,70,000 ஆகும்? 12-ஐ 20-ஆல் வகுத்துப் பெருக்கினால் ஆகும். எனவே சர்வேயர் அன்று கடையில் இருந்த மொத்தச் சரக்கின் மதிப்பை 20 லட்சம் என்று எடுத்திருக்கிறார். இது என் ஊகம், ஆனால் எண்கள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவதால் தைரியமாகச் சொல்கிறேன். நாங்கள் இதை ‘ஆவரேஜ்’ என்போம். 20 லட்சம் சரக்கு இருக்கும் இடத்தில் 12 லட்சத்துக்கு மட்டும் பிரீமியம் கட்டினால், மீதி 8 லட்சத்துக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி. ஒவ்வொரு ரூபாய் நஷ்டத்திலும் 60 பைசா அவர்கள் பங்கு, 40 பைசா உங்கள் பங்கு. “நனைந்தது அந்த 12 லட்சத்துக்குள் இருந்த சரக்குதானே” என்று எல்லாரும் கேட்பார்கள். எந்தச் சேலை அந்த 12 லட்சத்தைச் சேர்ந்தது, எந்தச் சேலை வெளியே என்று தட்டில் கோடு போட்டு வைக்க முடியாதே. எல்லாக் கடைக்காரர்களும் பாதி மதிப்புக்குப் பாலிசி எடுத்துவிட்டு முழு நஷ்டத்தையும் கேட்டால், முழு மதிப்புக்குக் கட்டியவர்தான் மற்றவர்களுக்காகவும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்.

5 கோடி வரை மதிப்புள்ள கடைகளுக்கு 2021 ஏப்ரல் முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பொதுவான பாலிசி வந்திருக்கிறது. உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும், முதல் பக்கத்தைப் பாருங்கள். அதில் 15 சதவீதம் வரை குறைவாக எடுத்திருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும் என்ற சலுகை உண்டு. உங்கள் கேஸில் குறைவு 40 சதவீதம், ஆகவே அந்தச் சலுகைக்குள் வரவில்லை.

ஆடி முடிந்து கடை காலியாக இருந்தபோது உங்கள் 12 லட்சம் சரியாகத்தான் இருந்திருக்கும். ஐப்பசியில் தீபாவளிச் சரக்கு வந்து மேல்தட்டுவரை அடுக்கிய பிறகு அது சரியில்லை. சட்டம் பார்ப்பது நஷ்டம் நடந்த நாளின் மதிப்பை. நடுவிலேயே கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டித் தொகையை ஏற்றிக்கொள்ள வழி உண்டு, எண்டார்ஸ்மென்ட் என்பார்கள். இதை உங்களிடம் யாராவது சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். வங்கிக் கடனோடு சேர்ந்து வந்த பாலிசி என்றால் போன வருடத் தொகையையே இந்த வருடமும் போட்டுப் புதுப்பித்துவிடுவார்கள். இந்தத் தொழிலில் என்னைக் கோபப்படுத்தும் விஷயம் இது. கிளெய்ம் வரும்போது நூலளவு பிசகாமல் கணக்குப் பார்க்கும் கம்பெனி, புதுப்பிக்கும்போது “இப்போது சரக்கு எவ்வளவு இருக்கிறது” என்று ஒரே ஒரு போன் போட்டுக் கேட்பதில்லை.

சரி, எங்கே சண்டை போடலாம்? ஆவரேஜ் போட்டதே தவறு என்று போனால் தோற்கும் வாய்ப்பு அதிகம். அந்த 20 லட்சம் சரியா என்று கேளுங்கள், அதில் பொருள் இருக்கிறது. நாங்கள் அதைக் கண்டுபிடிக்கும் விதம் எளிது. வருட ஆரம்பச் சரக்கோடு கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்க விலையைக் கழிப்போம். உதாரணத்துக்கு ஏப்ரலில் 10 லட்சம், கொள்முதல் 34 லட்சம், விற்பனை 30 லட்சம். லாபம் 20 சதவீதம் என்று எடுத்தால் விற்றதன் அடக்கம் 24 லட்சம், மீதிச் சரக்கு 20 லட்சம். ஆனால் ஆடித் தள்ளுபடியில் கிட்டத்தட்ட அடக்க விலைக்கே விற்றுத் தீர்த்திருந்தால்? சராசரி லாபம் 12 சதவீதம்தான் என்று பில் புத்தகம் காட்டினால், விற்றதன் அடக்கம் 26,40,000 ஆகி, மீதிச் சரக்கு 17,60,000 ஆகக் குறையும். அடுத்து, விற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற பேச்சில் மொத்த வியாபாரி அனுப்பிய சரக்கு 1,60,000-க்கு இருந்து, அதுவும் உங்கள் கொள்முதலில் சேர்ந்திருந்தால், அது உங்கள் சரக்கே இல்லை. கழித்தால் 16 லட்சம். 12-ஐ 16-ஆல் வகுத்தால் ரூபாய்க்கு 75 பைசா. எக்செஸ் கழிக்கும் முன் உங்கள் தொகை 2,70,000-க்குப் பதில் 3,37,500 ஆகும். ஒரு எச்சரிக்கை: அந்த மொத்த வியாபாரியின் சேலைகளும் நனைந்திருந்தால், நஷ்டப் பட்டியலிலிருந்தும் அவை போய்விடும். இந்த எண்களெல்லாம் நான் போட்டவை, உங்கள் புத்தகம் வேறு சொல்லலாம்.

இதில் வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஒரு பெரிய கண்ணி. கடன் வரம்பு குறையாமல் இருக்க, இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதும் பழக்கம் ஊர் முழுக்க உண்டு. வெள்ளம் வந்த மாதம் வங்கிக்கு 20 லட்சம் என்று எழுதியிருந்தால், சர்வேயர் அதை மேஜையில் எடுத்து வைப்பார். அது பொய் என்று சொன்னால் வங்கியிடம் மாட்டுவீர்கள், உண்மை என்றால் கிளெய்மில் அடிபடுவீர்கள். அந்த ஸ்டேட்மென்ட் ஒன்றே முடிவான சாட்சி கிடையாது. கொள்முதல் பில், ஜிஎஸ்டி ரிட்டர்ன், ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் அதற்குத்தான் எடை அதிகம். ஆனால் எந்த மன்றம் எதை எவ்வளவு நம்பும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது, இரண்டு விதமாகவும் போனதைப் பார்த்திருக்கிறேன்.

செக் ஏன் வங்கி பேரில் வந்தது என்பதற்குச் சுருக்கமான பதில்: சரக்கை அடமானமாக எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே அதில் வங்கிக்கும் பொருளாதார நலன் உண்டு. பாலிசியிலேயே வங்கிக்கான தனி விதி ஒட்டியிருக்கும். பணம் உங்கள் கடன் கணக்கில் வரவாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இழந்தால் தனக்கு நஷ்டம் வரும் பொருளைத்தான் ஒருவர் இன்சூர் செய்ய முடியும் என்ற விதியின் இன்னொரு முகம் இது. நீங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தை உங்களுடையது என்று இன்சூர் செய்தால், இடிந்தாலும் கட்டடத்தின் விலை உங்களுக்கு வராது. சூதாட்டத்தையும் இன்சூரன்ஸையும் பிரிக்கும் கோடு அது.

பத்து வருடப் பிரீமியம் எங்கே போனது? உங்களுக்கென்று தனி உண்டியல் எதுவும் கிடையாது. சீட்டுக் கட்டிய பழக்கத்தில் நாம் அதையும் சேமிப்பு மாதிரி நினைக்கிறோம். பணம் முன்கூட்டியே வந்தால்தான் கம்பெனி பொறுப்பேற்க முடியும் என்று 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு சொல்கிறது. வந்த பணத்தில் கமிஷன், அலுவலகச் செலவு போகும். ஒரு பங்கு, இன்சூரன்ஸ் கம்பெனிகளையே இன்சூர் செய்யும் ரீஇன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும். அதில் கட்டாயமாக அரசு ரீஇன்சூரன்ஸ் கம்பெனியான ஜிஐசி ரீக்குப் போவது சில ஆண்டுகளாக 4 சதவீதம். இன்னும் காலம் முடியாத பாலிசிகளுக்காக ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும். கடன் பொறுப்பைவிடச் சொத்து இவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்று ஒரு அளவு உண்டு; அதில் ஒன்றரை மடங்காவது கையில் இருக்க வேண்டும் என்பது, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ அமைப்பின் விதி. மீதிதான் கிளெய்ம். நம் நாட்டுப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளில் பலவற்றுக்குப் பிரீமியத்தைவிடக் கிளெய்மும் செலவும் சேர்ந்து அதிகமாகத்தான் வருகின்றன. பிழைப்பது முதலீட்டு வருமானத்தில்.

2023 டிசம்பர் வெள்ளத்தின்போது தூத்துக்குடிப் பக்கம் மூன்று வாரம் அலைந்தேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு கடைக்குள் நுழைந்தால் சுவரில் பென்சிலால் கோடு போட்டது போலச் சேற்று வரம்பு, டேப் வைத்து அளந்தேன், நாலடி இரண்டு அங்குலம். அதற்கு மேலே இருந்த துணிக்கட்டு புதுசு மாதிரி இருந்தது. கீழே இருந்ததைத் தூக்கினால் தண்ணீர் கொட்டியது, புளித்த மாவு மாதிரி நாற்றம். கடைக்காரர் பாலிசி எடுத்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவருக்குப் போனது உங்களைப் போன்றவர்கள் பத்து வருடமாகக் கட்டிய பணம். உங்களுக்கு வந்த 2,65,000-மும் அப்படி எங்கிருந்தோ வந்ததுதான்.

வெள்ளம் என்பதால் உங்களுக்கு இன்னொரு தலைவலி இல்லை: எது காரணம் என்ற சண்டை. பாலிசி ஏற்கும் ஆபத்துதான் நஷ்டத்துக்கு நெருங்கிய காரணமாக இருக்க வேண்டும். 1918-ல் முடிந்த ஒரு கப்பல் வழக்கில், டார்பிடோ பட்ட கப்பல் எப்படியோ துறைமுகம் வந்து சேர்ந்து, சில நாள் அலையில் ஆடி அங்கேயே மூழ்கியது. மூழ்கடித்தது அலையா, டார்பிடோவா? டார்பிடோதான் என்றது நீதிமன்றம். போர் ஆபத்து அந்தப் பாலிசியில் விலக்கப்பட்டிருந்ததால் பணம் கிடைக்கவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து என்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கும் இதே தகராறுதான்: கெடுத்தது வெள்ளமா, சாவியைத் திருப்பிய கையா? உங்கள் சேலைகள் நனைந்ததில் அப்படி ஒரு குழப்பம் எழவில்லை. மாடியிலிருந்து மாதக்கணக்காகக் கசிந்த நீர் என்றால் கதை வேறு.

கம்பெனி அனுப்பிய சர்வேயர் கம்பெனி ஆள்தானே என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் லைசென்ஸ் ஐஆர்டிஏஐ கொடுப்பது, கூலி கம்பெனி கொடுப்பது. இரண்டு பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும் என்பது விதி. கூலி கொடுப்பவர் முகம் கோணக்கூடாது என்ற எண்ணம் யாருக்கும் வராது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அதனால்தான் அந்த அறிக்கை வேதவாக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. கேட்டால் உங்களுக்கு நகல் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள்.

பரஸ்பர நல்லெண்ணம் என்ற விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதைக் கம்பெனிகள் எப்போதும் வாடிக்கையாளர் பக்கம் திருப்பியே பேசும்: நீ இதைச் சொல்லவில்லை, அதை மறைத்தாய். இந்த விதிக்கு மூலமாகக் காட்டப்படுவது 1766-ல் லார்ட் மான்ஸ்ஃபீல்ட் சொன்ன தீர்ப்பு. சுமத்ரா தீவில் இருந்த ஒரு கோட்டையின் கவர்னர், எதிரி பிடித்துவிட்டால் என்று இன்சூர் செய்திருந்தார், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனம் என்பதை மறைத்தார் என்று பணம் தர மறுத்தார் இன்சூரன்ஸ் கொடுத்தவர். வழக்கில் தோற்றதும் அவர்தான்: அது நீயே விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடியது என்றார் மான்ஸ்ஃபீல்ட். கம்பெனிக்கும் கடமை உண்டு என்பதை நம் நீதிமன்றங்களும் சொல்கின்றன. 2022-ல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கில், பேஸ்மென்ட் கடை என்று தெரிந்தே பிரீமியம் வாங்கிவிட்டு, பேஸ்மென்ட்டுக்குப் பாலிசி செல்லாது என்று ஒரு கம்பெனி சொன்னதை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாலிசி புத்தகமே உங்கள் கைக்கு வரவில்லை என்றால் இந்த வகை வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு விலக்கு விதியைப் பற்றியது. ஆவரேஜுக்கும் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இதை வக்கீலிடம் கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியது. பணம் வாங்கும்போது ‘முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் வேலை கடினம், ஆனால் முடிந்துபோகவில்லை. வற்புறுத்தியோ தவறான தகவல் கொடுத்தோ வாங்கியது என்று காட்ட முடிந்தால் வழி உண்டு என்று 1999-லேயே அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. வெறுமனே பண நெருக்கடியில் போட்டேன் என்றால் போதாது. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி ஒரு மாதம் பொறுங்கள். பதில் சரியில்லையென்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இந்தப் புகார்களை விசாரிக்கும் நடுவர். தனிநபர் உரிமையில் நடக்கும் கடை என்றால் நீங்கள் அங்கே போகலாம், 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருடம் அவகாசம். வியாபாரிக்கு அங்கே இடமில்லை என்று யாராவது சொன்னால், 2023-ல் வந்த ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பைக் காட்டுங்கள். நஷ்ட ஈட்டுக்காக எடுத்த பாலிசி வியாபாரிக்கும் நுகர்வோர் உரிமை தருகிறது. நான் போட்ட கணக்குப்படி கூடுதலாக வரக்கூடிய 67,500 ரூபாய்க்காக இவ்வளவு அலையலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் என்றால் ஆம்புட்ஸ்மேன்வரை போவேன், அதற்கு மேல் போக மாட்டேன்.

சர்வே அறிக்கை கைக்கு வந்ததும் அதில் இரண்டு எண்களை மட்டும் தேடுங்கள்: எடுத்த லாப விகிதம், வெள்ளத்தன்று இருந்த மொத்தச் சரக்கு மதிப்பு. அவற்றை இங்கே எழுதுங்கள். பாலிசி எண், கம்பெனி பெயர் எதுவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.